பெயர் காஞ்சிபுரம், பார்சல் சூரத்: எந்தத் தளம் விற்பவரின் ஊரைக் காட்டுகிறது?

தலைப்பில் ‘காஞ்சிபுரம் பட்டு’, விலை ₹799, கடைப் பெயரிலும் காஞ்சி. பார்சல் வந்ததும் அனுப்புநர் முகவரியைப் பார்த்தால் பின்கோடு 395-ல் ஆரம்பிக்கிறது. அது குஜராத்தின் சூரத். காஞ்சிபுரம் 631501.

ஆன்லைனில் ஒரு சேலைக்கு மூன்று ஊர் உண்டு: விற்பவர் பதிவு செய்திருக்கும் ஊர், சரக்கு கிடக்கும் ஊர், நெய்த ஊர். வாங்குபவர் மனதில் இருப்பது மூன்றாவது. தளங்கள் காட்டுவது முதல் இரண்டில் ஏதோ ஒன்று. எந்தத் தளம் எதைக் காட்டுகிறது என்று தெரிந்தால் பாதி ஏமாற்றம் குறையும். ‘தயாரிப்பு நாடு: இந்தியா’ என்ற வரியைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். சட்டம் கேட்பதால் எல்லோரும் போடுகிறார்கள். காஞ்சிபுரமும் இந்தியாதான், சூரத்தும் இந்தியாதான்.

அமேசான்

ஆர்டர் போடும் முன்பே அதிகம் தோண்ட முடிவது இங்கேதான். விலைக்குக் கீழே யார் அனுப்புகிறார், யார் விற்கிறார் என்று இரண்டு வரி இருக்கும். விற்பவர் பெயரைத் தொட்டால் நிறுவனப் பெயரும் முகவரியும் உள்ள பக்கம் திறக்கும். 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிக) விதிகள் இந்த முகவரியைக் கட்டாயமாக்கின. அனுப்புவதும் விற்பதும் ஒரே கடை என்றால் அந்த முகவரியை ஓரளவு நம்பலாம்.

அனுப்புவது அமேசான் என்றால்தான் சிக்கல். சரக்கு தமிழ்நாட்டு கிடங்கில் இருக்கும், நாளைக்கே வந்துவிடும், பில்லில் ஜிஎஸ்டி எண்ணும் 33-ல் ஆரம்பிக்கும். 33 தமிழ்நாட்டின் குறியீடு, குஜராத்துக்கு 24. ‘33 இருக்கிறதே, நம்ம ஊர்க்காரர்தான்’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வேறு மாநிலக் கிடங்கில் சரக்கு வைத்து விற்க அந்த மாநிலத்திலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். அதனால் சூரத் வியாபாரி ஒருவர் 24, 33, 29, 27 என்று நாலைந்து எண் வைத்திருப்பது சாதாரணம். 33-க்கான முகவரியாகக் கிடங்கையோ வாடகைக்கு எடுத்த ஒரு மேசையையோ காட்டியிருப்பார். வரியும் உள்மாநில விற்பனை போல சிஜிஎஸ்டி (மத்திய பங்கு), எஸ்ஜிஎஸ்டி (மாநிலப் பங்கு) என்று பிரிந்தே வரும். வெளிமாநில விற்பனைக்கு வர வேண்டிய ஐஜிஎஸ்டி பில்லில் தென்படாது.

இதை உடைக்க வழி அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. ஜிஎஸ்டி எண் 15 இலக்கம். முதல் இரண்டு மாநிலம், அடுத்த பத்து அப்படியே பான் எண். ஜிஎஸ்டி தளத்தில் வரி செலுத்துவோரைத் தேடும் பகுதியில் பான் எண்ணை வைத்தும் தேடலாம். லாகின் வேண்டாம், கேப்ட்சா போட்டால் போதும். அந்த பான் எண்ணில் எந்தெந்த மாநிலத்தில் பதிவு இருக்கிறது என்று வரிசையாக வரும். ஒவ்வொன்றையும் திறந்து பதிவுத் தேதியைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மூத்தது எந்த மாநிலமோ, பெரும்பாலும் அதுதான் அவருடைய சொந்த ஊர். 24-ல் 2017, 33-ல் 2023 என்றிருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. போகிற போக்கில் ஜிஎஸ்டி எண்ணின் ஆறாவது எழுத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்: பி என்றால் தனிநபர், எஃப் என்றால் கூட்டு நிறுவனம், சி என்றால் கம்பெனி. ‘எங்கள் குடும்பத் தறி’ என்று எழுதிவிட்டு சி இருந்தால் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஜிஎஸ்டி எண்ணே இல்லாத விற்பனையாளர் என்றால் பயப்பட வேண்டாம். 2023 அக்டோபர் 1 முதல், பதிவு வரம்புக்குக் கீழே உள்ள சிறு விற்பனையாளர்கள் ஜிஎஸ்டி இல்லாமலே இணையத் தளங்களில் விற்கலாம். ஆனால் சொந்த மாநிலத்துக்குள் மட்டும். ஆக, தமிழ்நாட்டு முகவரிக்கு ஒழுங்காக அப்படி விற்பவர் தமிழ்நாட்டுக்காரராகத்தான் இருக்க வேண்டும். எண் இல்லாதவரின் ஊர்தான் இங்கே கூடுதல் உறுதி என்பது வேடிக்கை.

ஃபிளிப்கார்ட்

இங்கே விற்பவர் பெயரைவிட, பொருள் விவரங்களின் அடியில் கிடக்கும் தயாரிப்பு, பேக்கிங், இறக்குமதித் தகவல் பகுதிதான் முக்கியம். தயாரிப்பாளர், பேக் செய்தவர் ஆகியோரின் முகவரி அதில் இருக்கும். யாரும் திறந்து பார்ப்பதில்லை என்ற தைரியத்தில், தலைப்பில் காஞ்சிபுரம் போட்ட அதே ஆள் இங்கே உண்மையான முகவரியை எழுதி வைத்திருப்பார். ஊர்ப் பெயர் புரியாவிட்டால் பின்கோடு போதும்: 394, 395 என்றால் சூரத் பக்கம், 60 முதல் 64 வரை தமிழ்நாடு, 67 முதல் 69 வரை கேரளம். தயாரிப்பாளர் இடத்தில் விற்பவர் தன் பெயரையே போட்டிருந்தால் அவரே நெய்தார் என்று அர்த்தமில்லை. வாங்கி மடித்து கவரில் போட்டவராகவும் இருக்கலாம்.

மீஷோ

ஆர்டர் போடும் முன் கிடைக்கும் தகவல் குறைவு. கடைப் பெயர், ரேட்டிங், பொருள் விவரத்தில் ஒன்றிரண்டு வரி. ஆனால் பார்சல் வாசலுக்கு வந்ததும் மூன்றில் இதுதான் வெளிப்படை. சரக்கு பெரும்பாலும் விற்பவர் இடத்திலிருந்தே கிளம்புவதால், கவர் மேல் ஒட்டிய லேபிளில் ‘டெலிவரி ஆகாவிட்டால் திருப்பி அனுப்ப’ என்று அவர் முகவரி இருக்கும். கீழ்ப்பாதியில் பில், அதில் ஜிஎஸ்டி எண். கேஷ் ஆன் டெலிவரி போட்டிருந்தால் டெலிவரி பையன் நிற்கும்போதே லேபிளைப் படித்துவிட்டு, வேண்டாம் என்று திருப்பிவிடலாம். ஊர்ப் பெயரை நம்பி வாங்கும் எதையும் இங்கே முன்பணம் கட்டாமல் வாங்குவதே நல்லது.

மூன்று தளத்துக்கும் பொதுவான சோதனை

பொருள் பக்கத்தில் டெலிவரி பின்கோடை மாற்றிப் பாருங்கள். முதலில் 631501 போட்டுத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 395002. காஞ்சிபுரத்துக்கே ஏழு நாள், சூரத்துக்கு இரண்டு நாள் என்று காட்டினால் சரக்கு எங்கே கிடக்கிறது என்று தளமே சொல்லிவிட்டது. இரண்டுக்கும் ஒரே மாதிரி சீக்கிரம் வரும் என்றால் சரக்கு பல கிடங்குகளில் இருக்கிறது. அப்போது இந்தச் சோதனை உதவாது, பான் தேடலுக்குப் போக வேண்டும்.

அடுத்தது படம். பொருளின் படத்தை கூகுள் லென்ஸில் போட்டால் அதே மாடல், அதே போஸ், பத்துப் பெயர்களில் வரும். சூரத் மொத்த வியாபாரத்தில் இதை கேட்லாக் என்பார்கள்: ஆறோ எட்டோ நிறம் ஒரு செட், போட்டோவும் அவர்களே தருவார்கள். தறியில் நெய்து விற்பவரிடம் அந்தப் படம் இருக்க வழியில்லை.

இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் கடைகள்

நல்ல நெசவாளர்களும் இங்கே இருக்கிறார்கள், கேட்லாக் படத்தை மட்டும் வைத்துக் கடை நடத்துபவர்களும் இருக்கிறார்கள். பிரித்துக் காட்டத் தளம் எதுவும் செய்வதில்லை. கணக்கு விவரத்தில் தெரிவது நாடு மட்டும், ஊர் அல்ல. பயோவில் ‘காஞ்சிபுரம்’ என்று யாரும் எழுதலாம். யுபிஐ ஐடியில் ஊர் தெரியாது. வங்கிக் கணக்கும் ஐஎஃப்எஸ்சி எண்ணும் கொடுத்தால் கிளை எந்த ஊர் என்று பார்க்கலாம், ஆனால் அது பலவீனமான ஆதாரம். உருப்படியானது ஒன்றுதான்: பணம் போடும் முன் வீடியோ காலில் அதே சேலையை விரித்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்லாக் ஆளிடம் சரக்கு கையில் இருக்காது, ‘ஸ்டாக் குடோன்ல இருக்கு’ என்பார். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினால் எந்த அஞ்சலகத்தில் புக் ஆனது என்று டிராக்கிங்கின் முதல் வரியே சொல்லும். அதற்குள் பணம் போய்விட்டிருக்கும் என்பதுதான் குறை.

நெய்த ஊர்

மேலே சொன்ன எதுவும் நெய்த ஊரை நிரூபிக்காது. காஞ்சிபுரத்திலேயே கடை வைத்து சூரத் சரக்கை விற்கலாம். முத்திரைகளிலும் குழப்பம் உண்டு. சில்க் மார்க் சொல்வது பட்டு நிஜமா என்று மட்டும். கைத்தறி முத்திரை சொல்வது தறியைப் பற்றி. ஊரைச் சொல்வது புவிசார் குறியீடு ஒன்றே. காஞ்சிபுரம் பட்டுக்கும் மதுரை சுங்குடிக்கும் அது உண்டு. பொய்யாகப் போட்டால் 1999-ம் ஆண்டுச் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. அதனால்தான் தலைப்பில் ‘காஞ்சி டைப்’, ‘ஸ்டைல்’, ‘சாஃப்ட் சில்க்’ என்று வழுக்குகிறார்கள். ‘ஆர்ட் சில்க்’ என்பதைக் கலை நயமுள்ள பட்டு என்று படிப்பவர்கள் இன்னும் உண்டு. அது ஆர்டிஃபிஷியல், செயற்கை இழை.

ஊர்தான் முக்கியம் என்றால் கோ-ஆப்டெக்ஸும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் முதல் தேர்வு. டிசைன் குறைவு, தளம் மெதுவாகத் திறக்கும், தள்ளுபடி சீசனில் சைஸ், நிறம் கிடைக்காது. ஆனாலும் சரக்கு எந்தச் சங்கத்திலிருந்து வந்தது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கிறது. தினசரிக் கட்டுக்கு என்றால் சூரத் சேலையை சூரத் சேலை என்று தெரிந்தே மீஷோவில் வாங்குங்கள், அந்த விலைக்கு அது நல்ல சரக்கு. பரிசுக்கோ கல்யாணத்துக்கோ அமேசான், ஃபிளிப்கார்ட்டில் எடுப்பதானால் பான் தேடலும் தயாரிப்பாளர் முகவரியும் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

ஏமாந்த பிறகு

கவரைக் கிழிக்கும் முன் லேபிளைப் படமெடுங்கள். பொருள் பக்கத்தின் தலைப்பையும் விவரத்தையும் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். புகார் போன பிறகு தலைப்பு மாறிவிடும். புகாரில் ‘தரம் சரியில்லை’ என்று எழுதினால் சாதாரண ரிட்டர்னாக முடித்துவிடுவார்கள். ‘காஞ்சிபுரம் என்று விவரித்து விற்கப்பட்டது, பொருள் விவரத்தோடு பொருந்தவில்லை’ என்று எழுதுங்கள். தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி. நகரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். இன்ஸ்டாகிராம் கடைக்கு விற்பனையை முடித்துத் தரும் தளம் நடுவில் இல்லாததால் நேராக 1915-தான், கையில் இருக்க வேண்டியது பணம் போன ரசீதும் சாட்டும்.