நான்காண்டு ஹெல்மெட், மூன்றாண்டு மாஸ்க், நடுவில் ஒரு தாடி

பட்டுக்கோட்டையில் வெல்டிங் பட்டறை தொடங்கவிருக்கும் என் மைத்துனர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்து, "அத்தான், நீங்க போட்டிருக்கிற அதே ஆட்டோ டார்க் ஹெல்மெட் இப்ப 2,100 ரூபாய்க்குக் கிடைக்குது, வாங்கிடட்டுமா?" என்று கேட்டார். பொறி எழுந்த நொடியே முகக் கண்ணாடி தானாகக் கருத்துக்கொள்ளும் அந்த வெல்டிங் தலைக்கவசத்தை நான் 3,200 ரூபாய் கொடுத்து வாங்கியவன் என்பதால், கேள்வி காதில் விழுந்தபோதே எரிச்சல் வந்தது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். கீழே எழுதியிருப்பதில் அந்த எரிச்சலின் பங்கைப் படிப்பவர்கள் கழித்துக்கொள்ளலாம்.

நீடாமங்கலத்துக்கு அருகில் இருக்கும் என் பட்டறைக்கு, ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்கும் என்ற பேச்சு எழுந்த உடனே சேற்றில் ஓடும் டிராக்டரின் கேஜ் வீல் இரும்புச் சக்கரங்களும், மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர்களும் வரிசை கட்டிவிடும். முன்பெல்லாம் இடக்கையில் முகம் மறைக்கும் ஷீல்டு, வலக்கையில் வெல்டிங் ராடைப் பிடிக்கும் ஹோல்டர் என்று நின்று, டேக் எனும் புள்ளி ஒட்டு வைக்கும் ஒவ்வொரு முறையும் ஷீல்டை விலக்கி இடம் பார்த்துத் திரும்ப மறைப்பதற்குள் பொறி பறந்துவிடும். அன்று நள்ளிரவில் கண்ணுக்குள் மணலைக் கொட்டியதுபோல் உறுத்தும். உருளைக்கிழங்கை வெட்டி இமைமேல் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பேன். ஹெல்மெட் வந்த நாளிலிருந்து அந்த இரவுகள் இல்லை. இடக்கை விடுதலை பெற்றது, ஒட்டுத் தையலும் நேராக விழுகிறது. 3.15 மில்லிமீட்டர் ராடை 110 ஆம்பியர் மின்னோட்டத்தில் ஓட்டும்போது கண்ணாடியின் கருமை எண்ணைப் பத்திலோ பதினொன்றிலோ வைத்துக்கொள்கிறேன். அறுவடை இயந்திரத்தின் அடியில் படுத்து ஒட்டும்போது ஏதாவதொரு குழாய், பொறியின் ஒளியை உணரும் சென்சாரை மறைத்தால் கண்ணாடி கருக்காமல் பளீரென்று அடிக்கும். ஆனாலும் தரச்சான்று பெற்ற கண்ணாடியில் புற ஊதாக் கதிரையும் அகச்சிவப்புக் கதிரையும் தடுக்கும் அடுக்கு, கருத்தாலும் கருக்காவிட்டாலும், எப்போதும் வேலை செய்துகொண்டே இருக்கும். கண் கூசுமே தவிர, அன்றிரவு மணல் கொட்டாது. இந்த ஒரு காரணத்துக்காகவே, சான்று அச்சிடப்படாத மலிவு ஹெல்மெட்டை நான் கையால் தொடுவதில்லை.

என் வழக்கு ஹெல்மெட்டோடு அன்று. ஹெல்மெட்டும் மாஸ்க்கும் ஒரே முகத்தில் குடித்தனம் நடத்த மறுப்பதோடு.

மாஸ்க் வாங்கிய கதை 2018-இல் தொடங்குகிறது. நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் அடித்தபின் கூரை இழந்த வீடுகளுக்கும் மாட்டுக் கொட்டகைகளுக்கும் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. இரும்புக் குழாயில் சட்டம் ஒட்டிக் கொடுக்கும் வேலை நாள் முழுவதும் இருந்தது. துத்தநாகம் சுமார் 420 டிகிரி செல்சியஸில் உருகி 907 டிகிரியில் கொதித்துவிடும். இரும்பு உருகுவதற்கோ ஏறத்தாழ 1,538 டிகிரி வேண்டும். ஆகவே இரும்பு உருகுமுன்பே மேற்பூச்சு ஆவியாகி, வெள்ளைப் புகையாக நேரே மூக்கைத் தேடி வருகிறது. அன்று மாலை வாயில் ஒரு தித்திப்பு, இரவு பத்து மணிக்குக் குளிர், நடுக்கம், காய்ச்சல். மழையில் நனைந்ததால் வந்தது என்று நினைத்தேன். மூத்த வெல்டர் ஒருவர், "வெல்லமும் வாழைப்பழமும் சாப்பிடுப்பா, புகை இறங்கிடும்" என்றார். சாப்பிட்டேன், பசி இறங்கியது. மூன்றாம் நாள் காய்ச்சல் தானாகவே போய்விட்டது. வெல்டிங் புகையால் வரும் இந்தக் காய்ச்சலின் சுபாவமே அதுதான்: சில மணி நேரம் கழித்து வரும், ஓரிரு நாளில் போகும், தொடர்ந்து செய்பவனுக்குப் பழகிவிட்டதுபோல் போக்குக் காட்டும், இடைவெளி விட்டுத் திரும்பச் செய்தால் முதல் நாளிலேயே முழு வேகத்தோடு வரும். மேலை நாட்டுத் தொழிலாளர்கள் இதற்குத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். காய்ச்சல் போய்விடுகிறது என்பதற்காகப் புகையை மன்னித்துவிட முடியாது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வெல்டிங் புகையை 2017-இல் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் வகுப்பில் சேர்த்தது.

அதனால், ஹெல்மெட் வாங்கி ஓராண்டு கழித்து, இருபுறமும் வட்டமான ஃபில்டர் உள்ள அரைமுக ரப்பர் மாஸ்க் ஒன்றை வாங்கினேன். தனியே போட்டுக்கொண்டால் அருமையான பொருள். இரண்டு ஃபில்டர்களையும் உள்ளங்கையால் மூடி மூச்சை இழுத்தால் முகத்தோடு ஒட்டிச் சுருங்கும்; காற்று எங்கும் ஒழுகவில்லை என்று தெரிந்துவிடும். ஆனால் தலையை ஆட்டி ஹெல்மெட்டைக் கீழே இறக்கிய உடனே, அதன் தாடைப்பகுதி ஃபில்டர்மீது இடித்து மாஸ்க்கை ஒரு நூல் அளவு மேலே தள்ளுகிறது. அந்த ஒரு நூல் இடைவெளிதான் எனக்கு மூன்றாண்டுத் துன்பம். மூக்கின் மேற்புறமாகக் கசியும் மூச்சு கண்ணாடியில் பனியாகப் படிகிறது. பனியைத் துடைக்க ஹெல்மெட்டைத் தூக்குகிறேன். இறக்கினால் மறுபடியும் இடி. சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் இந்தச் சுற்றை எத்தனை முறை செய்கிறேன் என்று ஒரு நாள் எண்ணத் தொடங்கி, மதியத்துக்கு முன்பே எண்ணிக்கையை விட்டுவிட்டேன். ஹெல்மெட் செய்தவரும் மாஸ்க் செய்தவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை போலும். ஹெல்மெட்டின் தலைப்பட்டையை ஒரு துளை முன்னே தள்ளி மாட்டினால் இடி பாதி குறைகிறது என்பதை இரண்டாம் ஆண்டில்தான் கண்டுபிடித்தேன். நியாயமாகச் சொன்னால், அது கையேட்டில் படமாகவே இருந்தது.

அடுத்தது தாடி. ஆண்டுதோறும் கார்த்திகை முதல் நாள் சபரிமலைக்கு மாலை போடுபவன் நான். மாஸ்க் வாங்கிய முதல் ஆண்டு, விரதத்தின் மூன்றாவது வாரத்தில், ஒரு கொட்டகைக்கு ஜி.ஐ. குழாய் ஒட்டினேன். மாஸ்க் போட்டிருக்கிறேன் என்ற தைரியத்தில் பூச்சைத் தேய்த்து எடுக்கவில்லை. அன்றிரவு அதே தித்திப்பு, அதே குளிர். காலையில் உள்ளங்கைச் சோதனை செய்து பார்த்தபோது, தாடி வழியே காற்று தாராளமாகப் போய்வந்துகொண்டிருந்தது. ரப்பர் தோலைத் தொட வேண்டும். முடியைத் தொட்டால் ஃபில்டர் எவ்வளவு விலை உயர்ந்ததாயினும் வீண்தான். தாடிக்குத் தீர்வாக, இடுப்பில் கட்டும் விசிறி காற்றை வடிகட்டி ஹெல்மெட்டுக்குள் செலுத்தும் வகை ஒன்று உண்டு. அதன் விலையைக் கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

ஆகவே மைத்துனருக்கு என் பதில்: மாஸ்க்கை முதலில் வாங்குங்கள், நாள்தோறும் திட்டிக்கொண்டே போட்டுக்கொள்ளுங்கள். அறுவடை இயந்திரத்தின் தானியத் தொட்டிக்குள் இறங்கி ஒட்டும்போது மட்டும் அதை நம்பி உட்கார வேண்டாம். அது புகைத்துகளை வடிகட்டுமே ஒழிய, இல்லாத பிராண வாயுவை உண்டாக்காது. பெரிய விசிறி ஒன்றைப் பக்கவாட்டில் வைத்துவிட்டு இறங்குங்கள். ஹெல்மெட்டை இவ்வளவு புகழ்ந்துவிட்டு இதைச் சொல்வது முரண்தான். இருந்தாலும், விலை இறங்கியிருக்கும் அந்த மாதிரியை இன்றைக்கு வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். மாஸ்க்கைக் கையோடு கடைக்கு எடுத்துப்போய், இரண்டையும் மாட்டி, பத்து முறை தலையாட்டிப் பார்த்து, இடிக்காத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அப்படியொன்று கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.

இந்த ஆண்டும் மாலை போட்டுவிட்டேன். ஜி.ஐ. குழாயோடு பட்டறைக்கு வருபவர்களிடம், தை பிறக்கட்டும், முகம் மழித்தபின் செய்து தருகிறேன் என்று சொல்லி அனுப்புகிறேன். அவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த தெருப் பட்டறைக்குப் போகிறார்கள்.