யார்க் ஊதுகொம்பின் நகல் என்று விற்கப்படும் ரெசின் வார்ப்பு: வாங்க நினைப்பவர்கள் கவனத்திற்கு

இங்கிலாந்தின் யார்க் பேராலயத்தில் ‘உல்ஃப் கொம்பு’ என்று பெயர் பெற்ற யானைத் தந்த ஊதுகொம்பு ஒன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் தென் இத்தாலியில் செதுக்கப்பட்டதாகக் கருதப்படும் அதன் அகன்ற வாயருகே ஒற்றைக்கொம்புக் குதிரையும், மானைத் தின்னும் சிங்கமும், கழுத்துப்பட்டை அணிந்த நாய்களும் சூழ்ந்து நிற்கின்றன. உல்ஃப் என்ற பிரபு அக்கொம்பில் மதுவை நிரப்பிப் பலிபீடத்தின் முன் மண்டியிட்டு அருந்தி, அதையே சாசனமாகக் கொடுத்துத் தம் நிலங்களை ஆலயத்துக்கு வழங்கினார் என்பது வழிவழிச் செய்தி. அதை நேரில் கண்ட நாள் முதல், ஊதக்கூடிய நகல் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

இணையத்தில் ஒரு விற்பனையாளர், ‘யார்க் கொம்பின் நகல், கையால் செதுக்கப்பட்ட அசல் கொம்பு, ஊதலாம்’ என்று விளம்பரம் செய்திருந்தார். தந்த வணிகத்தைப் பிரிட்டனின் 2018ஆம் ஆண்டுச் சட்டம் ஏறக்குறைய முற்றிலும் தடை செய்திருப்பதால், எருமைக் கொம்பில் செய்திருப்பார்கள் என்று நம்பி 180 பவுண்டு செலுத்தினேன்.

வந்த பொருள் ஒலிக்கவே இல்லை. பயிற்சி போதவில்லையோ என்று இரண்டு நாள் முயன்ற பிறகு, வாய் வைக்கும் துளைக்குள் மெல்லிய கம்பியை விட்டுப் பார்த்தேன். இரண்டு அங்குலத்திலேயே தடுத்து நின்றது. விலங்கின் கொம்பில் நுனிப்பகுதி இயல்பாகவே கெட்டியாக இருக்கும். அதைத் துளைத்து உட்குழிவோடு இணைத்தால்தான் உதட்டின் அதிர்வு உள்ளே சென்று ஒலியாகும். இங்கு அந்த இணைப்பே இல்லை. பிறகு வெளிச்சத்தில் கவனித்தபோது, உட்புற வளைவு நெடுக அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடு தெரிந்தது. செதுக்கல்களின் பள்ளத்தில் உளித் தடம் எதுவும் இல்லை, காற்றுக்குமிழி விட்ட வட்டக் குழிகள்தாம் இருந்தன. பழமைத் தோற்றத்துக்காகப் பூசிய பழுப்பு நிறம், ஸ்பிரிட் தொட்ட துணியில் ஒட்டிக்கொண்டு வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, குதிரையின் முன்னங்கால் அருகே இருந்த ஒரு சிறு கீறல், வேறொரு பெயரில் விற்கப்படும் கொம்பின் படத்திலும் அதே இடத்தில், அதே சாய்வில் இருந்தது. கையால் செதுக்கிய இரண்டு பொருள்களில் அப்படி நேராது. ஆக, இது ரெசினை, அதாவது இறுகும் பிளாஸ்டிக் திரவத்தை, அச்சில் ஊற்றி வார்த்தது.

முறையிட்டதற்கு, ‘கொம்பு என்பது பொருளின் பெயர், மூலப்பொருளின் பெயர் அன்று’ என்று பதில் வந்தது. தமிழிலும் மாட்டின் உறுப்புக்கும் ஊதும் கருவிக்கும் கொம்பு என்ற ஒரே சொல்தான். ஆங்கிலச் சொல்லிலும் உள்ள அந்த இரட்டைப் பொருளுக்குள் அவர் ஒளிந்துகொண்டார் என்பதே எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. ஆகவே பணம் செலுத்தும் முன், ‘எந்த விலங்கின் கொம்பு, துளை முழுவதும் செல்கிறதா’ என்று எழுத்தில் கேளுங்கள். அதை ஊதும் காணொளியையும் கேளுங்கள். சூடான ஊசி வைத்தால் அசல் கொம்பு முடி கருகும் வாசனை தரும், ரெசினோ பிளாஸ்டிக் நாற்றம் தரும் என்பது உண்மையே. ஆனால் திருப்பி அனுப்ப நினைக்கும் பொருளில் அந்தத் தழும்பை ஏற்படுத்தாதீர்கள். நகல் என்று சொல்லாமல் ‘பழைய தந்தம்’ என்றே ஒருவர் விற்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம்: பிரிட்டனில் அச்சட்டத்தை மீறுவோருக்கு ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

இணையத்தில் வாங்கிய பொருளை, அது கைக்கு வந்த 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்ல இங்கே சட்டம் இடம் தருகிறது. ‘உங்களுக்கென்றே செய்தது’ என்று சொல்லி விற்பனையாளர் அதையும் மறுத்தார். நான் கடன் அட்டையில் செலுத்தியிருந்ததாலும், விலை 100 பவுண்டுக்கு மேல் இருந்ததாலும், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்கீழ் வங்கியிடம் கோர முடிந்தது. விளம்பரத்தின் திரைப்பிடிப்பு, கம்பி நுழைந்த ஆழத்தின் அளவு, இரண்டு கீறல்களின் படங்கள் ஆகியவற்றை அனுப்பினேன். ஏழு வாரத்தில் பணம் திரும்பியது. அந்த விளம்பரம் இன்று காலையிலும் அதே வாசகத்தோடு, அதே கீறல் தெரியும் படத்தோடு அங்கேயே இருக்கிறது.