ஆட்டுப் பரணுக்குப் பிளாஸ்டிக் தரை போடலாமா?

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் பூமியில் கன்னி இனத்தைச் சேர்ந்த 12 ஆட்டுப் பெட்டைகளையும் ஒரு கிடாவையும் வைத்து நான் ஆடு வளர்க்கத் தொடங்கி இரண்டு ஐப்பசி, கார்த்திகை மழைக்காலங்கள் கடந்துவிட்டன. தொடங்கும்போதே தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் பரண் கட்டி, அதன் மேல் பிளாஸ்டிக் தரைத் தட்டுகளைப் பதித்தேன். புதிதாக ஆடு வளர்க்க வருகிறவர்கள் என் கொட்டகையைப் பார்த்ததும் முதலில் கேட்பது இந்தத் தட்டுகளைப் பற்றித்தான் என்பதால், பயன்படுத்திப் பார்த்ததில் தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன்.

நான் வாங்கிய தட்டு இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் கொண்டது. ஒன்றின் விளிம்பு அடுத்ததன் விளிம்பில் பூட்டிக்கொள்ளும். புழுக்கையும் மூத்திரமும் கீழே இறங்குவதற்கு ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்தில் நீளவாக்கில் இடைவெளிகள் உண்டு. பெரிய பெட்டை ஒன்றுக்குப் பத்துச் சதுர அடியும் கிடாவுக்கு இருபது சதுர அடியும் வேண்டும் என்று கணக்கிட்டு, குட்டிகளுக்கும் இடம் விட்டு, 20 அடிக்கு 10 அடியாகப் பரணை அமைத்ததில் 100 தட்டுகள் பிடித்தன. கொட்டகைக்கு ஆன மொத்தச் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்தத் தரைக்கே போயிற்று.

அந்தச் செலவு வீணாகவில்லை என்பதை முதல் மழையிலேயே உணர்ந்தேன். கரிசல் மண் நனைந்தால் காலை விடாது. நாள் கணக்கில் ஈரம் தங்கும். அந்தச் சேற்றில் இரவெல்லாம் நிற்கும் ஆட்டுக்குக் குளம்பு அழுகி நொண்டத் தொடங்குவதையும், ஈரத்தில் படுத்துப் புழுக்கை கலந்த தரையை நக்கும் குட்டிகளுக்கு இரத்தக் கழிச்சல் காண்பதையும் எங்கள் ஊர்ப் பட்டிகளில் பார்த்திருக்கிறேன். பரண் மேல் படுத்த என் ஆடுகளில் இரண்டு மழைக்காலத்திலும் ஒன்றுகூட நொண்டவில்லை. காலையில் துடைப்பத்தால் ஒரு முறை தள்ளிவிட்டால் தரை சுத்தமாகிவிடுகிறது. கீழே சேரும் எருவும் மழையில் கரையாமல் கிடைக்கிறது. ஆனால் பரணின் அடித்தரையைச் சாய்வாக அமைத்து மூத்திரம் வடிந்தோட வழி செய்யாவிட்டால், அதிலிருந்து எழும் நெடி இடைவெளிகள் வழியாக மேலே வந்து ஆடுகளின் கண்ணையும் நுரையீரலையும் தாக்கும். இதைத் தட்டு விற்பவர்கள் யாரும் சொல்வதில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதல் ஈற்றில் பிறந்த இரட்டைக் குட்டிகளில் ஒன்றின் கால் இடைவெளியில் சிக்கிச் சுளுக்கிக்கொண்டது. பெரிய ஆட்டுக்குப் பொருத்தமான இடைவெளி பிறந்த குட்டியின் குளம்புக்கு அகலமானது என்பதை நான் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை. அதன் பிறகு ஈனும் பெட்டையைத் தனியறையில் விட்டு, குட்டிக்கு ஒரு மாதம் ஆகும் வரை உலர்ந்த கோணிச் சாக்கை விரித்து, அதைத் தினமும் மாற்றி வருகிறேன். இரண்டாவது குறை, தாங்கும் குழாய்களைப் பற்றியது. விற்றவர் சொன்னபடி இரண்டடிக்கு ஒன்றாக இரும்புக் குழாய் வைத்தேன். கிடா நிற்கும் பகுதியில் தட்டுகள் நடுவில் வளையத் தொடங்கின. இடையில் இன்னொரு குழாய் கொடுத்த பிறகே உறுதிப்பட்டது. ஓரடிக்கு ஒரு குழாய் என்று தொடக்கத்திலேயே திட்டமிடுவது நல்லது.

மூன்றாவது விஷயத்தைத் தட்டின் குறை என்று சொல்ல முடியாது. ஆனால் கவனிக்காவிட்டால் ஆடு கெட்டுப்போகும். சரளையிலும் பாறையிலும் நடக்கும் ஆட்டுக்குக் குளம்பு தானாகத் தேயும். வழுவழுப்பான தட்டிலேயே அடைந்து கிடக்கும் ஆட்டுக்கு அது வளர்ந்து மடங்கி, நடையையே கோணலாக்கும். ஆகவே இரண்டு மாதத்துக்கு ஒரு முறை குளம்பை வெட்டிச் சீர்செய்யப் பழகிக்கொள்ள வேண்டும்.

எங்கள் பக்கத்தில் பனஞ்சட்டங்களை அடுக்கியும் பரண் கட்டுகிறார்கள். வைரம் பாய்ந்த சட்டம் கிடைத்தால் அது நன்றாக உழைக்கும், செலவும் குறைவு. சட்டங்களின் இடைவெளியை ஒரே அளவாக வைப்பதும், சிலாம்பு இல்லாமல் இழைப்பதும்தான் கடினம்.

நான்கைந்து ஆடுகளோடு தொடங்குகிறவர் இந்தத் தட்டுகளை வாங்க வேண்டியதில்லை என்பதே என் உறுதியான கருத்து. சுற்றுப்புறத்தைவிட ஓரடி உயர்த்திச் சரள் மண்ணை இறுக்கிய தரையும், சாரல் அடிக்காத கூரையும் போதும். மிச்சமாகும் பணத்தில் முதலில் வேலிமசால், அகத்தி ஆகிய தீவனப் பயிர்களைப் போடுங்கள். 30 கிலோ எடையுள்ள ஆடு நாளொன்றுக்கு நான்கைந்து கிலோ பசுந்தீவனம் தின்னும். எனக்குத் தெரிந்த ஒருவர் கடன் வாங்கிப் பெரிய பரணைக் கட்டிவிட்டு, சித்திரை மாதத்தில் தழைக்கு அலைந்து, பாதி ஆடுகளை வந்த விலைக்கு விற்றார். அந்த நிலை வேறு யாருக்கும் வரக் கூடாது.

பரண் இருப்பதால் நோய் வராது என்றும் எண்ண வேண்டாம். ஆட்டுக்கொல்லி நோய் காற்றிலும் மூச்சிலும் பரவும். அதற்கும் துள்ளுமாரி என்னும் குடல்நச்சு நோய்க்கும் தடுப்பூசி போட்டே ஆக வேண்டும். மேய்ச்சலுக்கு விடும் ஆடு பனி உலராத புல்லோடு குடற்புழுவின் இளம் பருவத்தையும் சேர்த்துத் தின்னும் என்பதால், வெயில் ஏறிய பின் அவிழ்த்துவிடுவதும் கால்நடை மருத்துவரைக் கேட்டுப் புழுநீக்க மருந்து கொடுப்பதும் பரண் வைத்திருப்பவருக்கும் தவிர்க்க முடியாதவை.

வாங்குவதென்று முடிவு செய்தால், பணம் கொடுப்பதற்கு முன் ஒரு தட்டை ஓரடி இடைவெளியில் வைத்த இரண்டு செங்கற்களின் மேல் போட்டு, நீங்களே ஏறி நின்று பாருங்கள். அடிப்புறத்தில் விலா எலும்பு போன்ற தாங்கிகள் நெருக்கமாக இருக்கின்றனவா, மேற்புறம் கால் வழுக்காதபடி சொரசொரப்பாக இருக்கிறதா, இடைவெளியின் விளிம்புகள் மழுங்கலாக இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். தேவைக்கு மேல் ஐந்தாறு தட்டுகளைச் சேர்த்து வாங்கி வையுங்கள். சென்ற ஆண்டு உடைந்த ஒன்றுக்கு மாற்றுத் தேடியபோது, அதே அளவில் கிடைத்த புதிய தட்டின் பூட்டு பழையதோடு பொருந்தவில்லை.