மீந்த கல்யாணச் சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கும் குழு: சேரலாமா, பணம் கொடுக்கலாமா?

சேரலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குச் சேராதீர்கள். அதற்குத்தான் ஆள் தேவைக்கு மேல் இருக்கிறது.

தென்சென்னையில் இருக்கிற ஒரு சின்ன வாலண்டியர் குழுவைப் பற்றி எழுதுகிறேன். கல்யாண மண்டபம், கேட்டரிங், ஆபீஸ் கேன்டீன், சில ஹோட்டல்கள், இங்கெல்லாம் மீந்துபோகிற, இலையில் விழாத சாப்பாட்டை வாங்கிக்கொண்டு போய் அரசு ஆஸ்பத்திரி வாசல், மாநகராட்சியின் வீடற்றோர் காப்பகம், பாலத்தடி என்று கொடுக்கிறவர்கள். பெயர் போடவில்லை. போட வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள், ஏற்கனவே பிறந்தநாள் கோஷ்டிகளின் போனைச் சமாளிக்க முடியவில்லையாம். நான் அங்கே ராத்திரி ஷிஃப்டில் போய்வருகிறேன், அவ்வப்போது பணமும் கொடுக்கிறேன், அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

இந்தக் குழுவிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது, அவர்களுக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியும். இலவசமாகக் கொடுத்தால் எதையும் வாங்கிக்கொள்ள வேண்டும், கேள்வி கேட்கக்கூடாது என்று நம்மில் பலருக்கு ஒரு நினைப்பு. ரிசப்ஷன் முடிந்து பத்தரை மணிக்கு மண்டபத்து மேனேஜர் கூப்பிடுவார். "சார், நூத்தம்பது பேர் சாப்பாடு அப்படியே இருக்கு, அரை மணி நேரத்துல வாங்க, இல்லேன்னா கொட்டிடுவோம்." போனை எடுக்கிற அக்கா பதறவே மாட்டார். எத்தனை மணிக்கு அடுப்பிலிருந்து இறக்கினீர்கள், அண்டாவிலேயே இருக்கிறதா பரிமாறுகிற வாளியிலிருந்து திரும்பக் கொட்டினதா, தேங்காய் அரைத்துவிட்டது எது எது, மூடி வைத்தீர்களா திறந்து கிடந்ததா என்று வரிசையாகக் கேட்பார். மேனேஜர் பதிலில் இழுத்தார் என்றால் வண்டி கிளம்பாது. சாயங்காலம் ஐந்து மணிக்கு இறக்கிய சாம்பாரை ராத்திரி பதினோரு மணிக்கு இன்னொருவர் தட்டில் ஊற்ற அந்த அக்கா சம்மதித்து நான் பார்த்ததில்லை.

இது பிடிவாதம் இல்லை. சமைத்த சாப்பாடு சூடாக இருந்தால் 60 டிகிரிக்கு மேல், குளிர்ச்சியாக இருந்தால் 5 டிகிரிக்குக் கீழ், இந்த இரண்டுக்கும் நடுவில் விட்டால் கிருமி பெருகும். மே மாதத்தில் நடுராத்திரிகூட முப்பதுக்குக் கீழே இறங்க யோசிக்கும் நம் ஊரில், மண்டபத்துச் சமையலறை நடுவில்தான் கிடக்கிறது. குழம்பு கெட்டால் மூக்கு சொல்லிவிடும், லேசாக நுரைக்கும். வெறும் சோறு ஆபத்து. ஆறிப்போய் மணிக்கணக்கில் கிடக்கும் சோற்றில் பேசிலஸ் சீரியஸ் என்று ஒரு பாக்டீரியா வளரும், வாடை வராது, அது விட்டுவைக்கிற நச்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. மீந்த உணவைச் சேகரித்துக் கொடுப்பதற்கென்றே உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019ல் தனி விதிமுறை கொண்டுவந்தது, சைவமா அசைவமா, எப்போது செய்தது என்றெல்லாம் சீட்டு ஒட்டச் சொல்கிறது அது. இந்தக் குழு மார்க்கர் பேனாவில் அண்டா மூடி மேலேயே எழுதிவிடுகிறது. அழகாக இருக்காது, வேலை நடக்கும்.

அப்புறம் எடுக்கிற இடம். வாலண்டியர் என்றால் பொட்டலம் நீட்டுகிற வேலை என்று நினைத்து வருகிறவர்கள்தான் அதிகம். பொட்டலம் நீட்டுவது இருபது நிமிஷம். அதற்கு முன்னால் மண்டபத்தின் பின்பக்கம், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் காலடியில் ஓட, சூடான அண்டாவிலிருந்து சோற்றை மொண்டு ஃபாயில் பெட்டியில் போட்டு, பொரியல் தனியாக, குழம்பு கவரில் முடிச்சு என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் குனிந்தபடி நிற்க வேண்டும். முதுகு பிடித்துக்கொள்ளும். சமையல் ஆட்களுக்கு வீட்டுக்குப் போகிற அவசரம், நம்மைப் பார்த்தால் எரிச்சல், நியாயமான எரிச்சல்தான், காலையிலிருந்து அடுப்படியில் நிற்கிறவர்கள். சாமானைத் தூக்கிக் 'குட்டி யானை'யில் ஏற்ற வலுவான ஆள் எப்போதும் குறைவு. வண்டி ஓட்டத் தெரிந்த ஆள் அதைவிடக் குறைவு.

கொடுக்கிற இடங்களில் ஆஸ்பத்திரி வாசலைத்தான் முதலில் வைப்பேன். சென்ட்ரல் எதிரே இருக்கிற பொது மருத்துவமனை, எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி, கீழ்ப்பாக்கம், சில நாள் ஸ்டான்லி வரைக்கும்கூட. வடசென்னைக்காரர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்கிற ஸ்டான்லி பக்கம் 1782 பஞ்சத்திலேயே கஞ்சி ஊற்றியிருக்கிறார்கள், நாமெல்லாம் ரொம்ப லேட். உள்ளே படுத்திருக்கிற நோயாளிக்கு ஆஸ்பத்திரிச் சாப்பாடு வந்துவிடும். கூட வந்தவருக்கு? விழுப்புரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் ஆம்புலன்ஸில் ஏறி வந்து, எத்தனை நாள் ஆகும் என்று தெரியாமல் நடைபாதையில் பாய் விரித்திருப்பார். பகலில் அம்மா உணவகம் இருக்கிறது, 2013ல் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய் என்று ஆரம்பித்தது, அது இல்லையென்றால் இந்த ஊரில் பலர் பாடு திண்டாட்டம்தான். ராத்திரி பதினோரு மணிக்கு வந்து இறங்குகிறவருக்கு அதுவும் கிடையாது.

வாங்குகிறவர்களும் கேட்டு வாங்குவார்கள். புது வாலண்டியர்களுக்கு இது சங்கடமாக இருக்கிறது, எனக்கு நிம்மதியாக இருக்கிறது. "ஸ்வீட் வேணாம் தம்பி, சுகர் இருக்கு. தயிர் சாதம் இருந்தா குடு, இல்லேன்னா தண்ணி பாட்டிலாவது குடு" என்று ஒரு அம்மா சொன்னபோது பக்கத்தில் நின்ற ஒரு பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. குலோப் ஜாமூன் வேண்டாம் என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு என்றால் அவருக்கும் உண்டு. போட்டோவும் கிடையாது. ஒரு கம்பெனிக்காரர்கள் பேனரோடு வந்து, வாங்குகிறவர்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கக் கேட்டபோது குழு அந்தச் சாப்பாட்டையே வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது. எனக்கே அது கொஞ்சம் அதிகமோ என்று தோன்றியது, நல்ல சாப்பாடு அது. ஆனால் அதற்கப்புறம் பேனர் வரவில்லை.

குறைகள் உண்டு, பெரிய குறை ஆள் கணக்கு. ஞாயிறு மதியம் காரில் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள், ஒரு அண்டாவைச் சுற்றிப் பத்துப் பேர் கரண்டி பிடித்து நிற்பார்கள். புதன்கிழமை முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி வடபழனியில் ஒன்று, மயிலாப்பூரில் ஒன்று, தி.நகரில் ஒன்று என்று ஒரே நேரத்தில் போன் வரும்போது வாட்ஸ்அப் குழுவில் பெரிய அமைதி. ஐப்பசி, கார்த்திகை இன்னும் மோசம். மழை கொட்டினால் ரிசப்ஷனுக்கு விருந்தாளிகள் வரமாட்டார்கள், சாப்பாடு பாதிக்குப் பாதி மீந்துவிடும், அதே மழையில் எடுக்கப் போகிற வண்டி சப்வே தண்ணீரில் நிற்கும். இதற்கு யாரும் உருப்படியாகத் திட்டம் போடவில்லை. முகூர்த்த நாள் வீட்டுக் காலண்டரிலேயே போட்டிருக்கிறது, முன்கூட்டியே முறை போட்டு வைக்க என்ன கஷ்டமோ.

பணம் கொடுப்பது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். எல்லாக் குழுவும் வாங்காது. 2014ல் டெல்லியில் ஆரம்பித்துச் சென்னையிலும் இயங்குகிற ராபின் ஹூட் ஆர்மி பணமே வாங்குவதில்லை, சாப்பாடும் நேரமும் மட்டும்தான். எனக்கு அந்த முறை மேல் மரியாதை உண்டு. ஆனால் வண்டிக்கு டீசல், பெட்டி, கையுறை எல்லாம் யாராவது வாங்கித்தானே ஆக வேண்டும். இந்தக் குழு ஒரு பதிவு பெற்ற டிரஸ்ட் கணக்கில் வாங்குகிறது, தனி ஆள் ஜிபே எண் கொடுப்பதில்லை. வேறு எந்தக் குழு என்றாலும் இதை மட்டும் பாருங்கள்: சொந்த நம்பருக்கு அனுப்பச் சொன்னால் நகர்ந்துவிடுங்கள். வரிவிலக்கு எதிர்பார்ப்பவர்களுக்கு, 80ஜி என்று சொல்கிற நன்கொடை வரிச்சலுகை பழைய வரிமுறையில் இருந்தால்தான் கிடைக்கும், ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் செல்லாது, சாப்பாடாகவோ அரிசி மூட்டையாகவோ கொடுத்தாலும் செல்லாது. இவர்களிடம் ரசீது வருவதற்குள் பொறுமை போய்விடுகிறது, இரண்டு தடவை ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

எப்போது கொடுக்கலாம் என்றால், ஆடியிலும் மார்கழியிலும். கல்யாணம் கிடையாது, மண்டபத்து போன் நின்றுவிடும், காப்பகத்தில் இருக்கிறவர்களுக்குப் பசி நிற்காது. ஆடி ஞாயிறுகளில் அம்மன் கோவில் கூழும், மார்கழிக் காலையில் பொங்கலும் தெருவுக்குத் தெரு கிடைக்கும், வார நாள் ராத்திரிக்கு அது உதவாது. அந்த மாதங்களில் குழு சமையல் ஆள் வைத்துத் தக்காளி சாதமோ புளியோதரையோ செய்கிறது, பணம் அப்போதுதான் தேவைப்படுகிறது. என்னமோ எல்லாரும் தீபாவளிக்குத்தான் அனுப்புகிறார்கள்.

ராத்திரி வெளியே போக முடியாதவர்களுக்கு பெசன்ட் நகரில் 2017ல் தொடங்கிய 'அய்யமிட்டு உண்' பொது ஃப்ரிட்ஜ் மாதிரியான ஏற்பாடு ஒத்துவரும், வீட்டில் செய்ததைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வரலாம். மூன்று நாள் பழசைக் கொண்டுபோய் வைக்காதீர்கள், நீங்கள் சாப்பிடாததை வேறு யார் சாப்பிடுவார்கள்.

ஐந்துக்கு நாலு. அரை மார்க் ரசீதுக்குக் குறைத்தேன், இன்னொரு அரை மார்க், அவசரச் செய்தி வருகிற அதே வாட்ஸ்அப் குழுவில் தினமும் பூப் படத்தோடு காலை வணக்கம் போடுகிறவர்களுக்காக.