காளையின் ஒய் குரோமோசோமைப் படிக்க எது மேல்: பேக் குளோனா, தாய்-தந்தை-கன்று முறையா?

2009-இல் வெளியான மாட்டின் மரபணுத்தொகுதிக்குப் பெரும்பகுதி டிஎன்ஏ தந்தது டொமினட் என்ற ஹெரிஃபோர்டு இனப் பசு. பசுவுக்கு எக்ஸ் இரண்டு உண்டு, ஒய் கிடையாது. எனவே ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் மேற்கோளாகக் கொண்ட அந்த வரிசையில் காளையைக் காளையாக்கும் குரோமோசோமே இடம்பெறவில்லை. டிஎன்ஏவை நூற்றைம்பது எழுத்துத் துண்டுகளாக நறுக்கிப் படிக்கும் மலிவான முறையால் இக்குறை தீராது. ஒய்யில் ஒரே மரபணு பல படிகளாக, அதாவது நகல்களாக, அடுக்கப்பட்டிருப்பதால், கணினி அவை அனைத்தையும் ஒன்றெனச் சுருட்டிவிடும்.

பேக் குளோன் முறையில், ஒரே காளையின் டிஎன்ஏ ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் எழுத்து நீளத் துண்டுகளாக்கப்பட்டு, பாக்டீரியாவில் வளர்க்கப்பட்டுத் தனித்தனியே படிக்கப்படுகிறது. அக்காளையில் இருப்பது ஒரே ஒய் என்பதால், ஒன்றுபோலத் தோன்றும் இரு துண்டுகள் பல்லாயிரம் எழுத்துகளில் ஓரெழுத்து உறுதியாக வேறுபட்டாலும், அவை இரு வேறு படிகள் என்று துணிந்து சொல்லலாம். இம்முறையில் காளையின் ஒய்யைப் படித்து 2020-இல் வெளியான ஆய்வு, தேய்ந்துபோனது என்று பெயரெடுத்த அக்குரோமோசோம் அதுவரை படிக்கப்பட்ட ஒய்களிலேயே மரபணு அடர்த்தி மிக்கது என்றும், ஒய்யில் பெருகிய ஒரு மரபணுவின் இணை எக்ஸிலும் பெருகியிருக்கிறது என்றும் காட்டியது. ஆனால் உழைப்பும் காலமும் மிகுதியாகக் கேட்கும் முறை இது.

தாய்-தந்தை-கன்று முறை 2018-இல் மாட்டில் செய்துகாட்டப்பட்டது. பிராமன் இனப் பசுவுக்கும் ஆங்கஸ் இனக் காளைக்கும் உருவான ஆண் கருவின் நீண்ட வாசிப்புகளை (ஒரே மூச்சில் படிக்கப்படும் நீண்ட டிஎன்ஏ துண்டுகளை), தாயிடம் மட்டும் உள்ளவை, தந்தையிடம் மட்டும் உள்ளவை என்ற சிறு எழுத்துக்கோவைகளை அடையாளமாகக் கொண்டு, முழு வரிசையாகக் கோத்தெடுப்பதற்கு முன்னரே இரு குவியல்களாகப் பிரித்தனர். எக்ஸ் தாயின் குவியலுக்கும் ஒய் தந்தையின் குவியலுக்கும் போய்விடுகின்றன. இரண்டும் இன்றும் ஒத்திருக்கும் முனைப்பகுதிகூடக் குழம்புவதில்லை. என் மதிப்பீட்டில் இதன் உண்மையான வலிமை இதுவே. ஆயினும் வாசிப்பைவிட நீளமான அடுக்குகளில் இதுவும் தடுமாறும்.

பலரும் கவனிக்காத சிக்கல் இன்னொன்று உண்டு. அக்கருவில் கிடைத்த எக்ஸ், இந்திய மாடுகளின் வழிவந்த பிராமனுடையது. ஒய், ஐரோப்பிய ஆங்கஸினுடையது. ஆகவே ஓர் இனத்துக்குள் எக்ஸும் ஒய்யும் எவ்வாறு போட்டியிட்டு வளர்ந்தன என்பதை அந்த ஒரு கருவைக் கொண்டு கேட்க முடியாது. ஒரே காளையிலிருந்து இரண்டையும் தரும் பேக் குளோன் முறைக்கு இங்கே மேன்மை உண்டு.

இனங்களுக்கிடையே எக்ஸை ஒப்பிடுவதே நோக்கமென்றால் கன்று முறையையே தேர்வேன். ஒய்யின் படிகளை எண்ணுவதென்றால், இதுவரை பேக் குளோனையே நம்பினேன். இலட்சம் எழுத்தைத் தாண்டும் நானோதுளை வாசிப்புகளின் (டிஎன்ஏ இழையை நுண்துளை வழியே செலுத்திப் படிப்பவை) துணையோடு மனித ஒய் 2023-இல் முழுமையடைந்தபின் அந்த முன்னுரிமை தளர்ந்துவருகிறது. ஆனால் திமிலுள்ள நம் நாட்டு மாடுகளின் ஒய் வடிவிலேயே வேறுபட்டது: ஐரோப்பிய மாட்டின் ஒய்யில் மையமுடிச்சு (குரோமோசோமின் இடுங்கிய இடம், சென்ட்ரோமியர்) நடுப்பகுதியை ஒட்டியிருக்க, நம் மாட்டில் அது முனையருகே அமைந்துள்ளது. அதைக் கன்று முறையில் படிக்க விரும்புவோர் இனக்கலப்பின் திசையைத் திருப்பி, நாட்டுக் காளையைத் தந்தையாக வைத்தே தொடங்க வேண்டும்.