தலை போன கழுகு, காலியான கட்டடங்கள்: கெய்ரோ 'குடியரசு நடை' பற்றி

பிரமிடு பார்த்தாயிற்று, நைல் நதியில் படகும் ஏறியாயிற்று, கெய்ரோவில் கடைசி ஒரு நாள் கையில் மிச்சம் இருந்தது. விடுதி மேசையில் கிடந்த ஒரு துண்டுச் சீட்டில் 'எகிப்து அரபுக் குடியரசு: கொடி, நீதிமன்றம், நாடாளுமன்றம், ஒரே நாளில்' என்று போட்டிருந்தார்கள். மம்மிகளைப் பற்றிக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது வலித்திருந்த நேரம் அது. உயிரோடு இருக்கிற நாட்டைப் பற்றியும் யாராவது சொன்னால் தேவலை என்று உடனே பணம் கட்டிவிட்டேன். ஆளுக்கு 30 டாலர், மதியச் சாப்பாடு சேர்த்து.

நடத்தியவர்களின் பெயரைப் போடப்போவதில்லை. குறைகளும் சொல்ல வேண்டியிருக்கிறது, வம்பு எதற்கு. எட்டுப் பேருக்கு மேல் சேர்க்க மாட்டோம் என்றார்கள், வேனில் ஏறிப் பார்த்தால் பதினேழு பேர். காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி கொடுத்தார்கள், என்னுடையது பத்து நிமிடத்தில் உயிரை விட்டது. அதனால் நாள் முழுக்க வழிகாட்டியின் முதுகை ஒட்டியே நடந்தேன். அதுவும் ஒருவிதத்தில் நல்லதாகப் போயிற்று, அந்த மனிதர் பொதுவில் சொன்னதைவிட நடந்துகொண்டே முணுமுணுத்ததுதான் சுவையாக இருந்தது. சட்டம் படித்துவிட்டு வழிகாட்டி வேலைக்கு வந்தவராம், ஐம்பது வயது இருக்கும். எல்லோரும் அவரை 'உஸ்தாஸ்' என்றே கூப்பிட்டோம், அங்கே படித்தவர்களை அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள்.

முதல் இடம் பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சுல்தான் சலாஹுத்தீனின் கோட்டை. எல்லோரும் உள்ளே போய் முகம்மது அலி பள்ளிவாசலின் விளக்குகளைப் பார்ப்பார்கள், இவர் எங்களை மேற்குச் சுவர்ப் பக்கம் அழைத்துப் போய் ஒரு தொலைநோக்கியைக் கையில் கொடுத்து "மேலே பாருங்கள்" என்றார். சுவரில் உயரத்தில் ஒரு கழுகு, கல்லில் செதுக்கியது. இறக்கை இருக்கிறது, நெஞ்சு இருக்கிறது, தலை இல்லை. ஒரு காலத்தில் அதற்கு இரண்டு தலை இருந்திருக்கலாம் என்கிறார்கள். அது உண்மையிலேயே சலாஹுத்தீனின் அடையாளம்தானா என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் சண்டை. ஆனால் 1952 புரட்சிக்குப் பிறகு வந்த ராணுவ அதிகாரிகளுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. மன்னர் ஃபாரூக்கின் கிரீடத்தையும் பிறையையும் எடுத்துவிட்டு இந்தக் கழுகுக்குப் புதுத் தலை ஒன்றை வைத்து அரசுச் சின்னமாக்கிவிட்டார்கள். பிறகு அது ஈராக், ஏமன், பாலஸ்தீனம் என்று பறந்துபோய் உட்கார்ந்துகொண்டது. மூலக் கழுகு மட்டும் இங்கே, மேலே ஒரு புறா உட்கார்ந்திருக்க, தலையில்லாமல் இருக்கிறது. கொடுத்த காசில் பாதி இந்த இடத்திலேயே எனக்குச் சீரணித்துவிட்டது.

அங்கேயே நிழலில் உட்காரவைத்து, பையிலிருந்து துணிக் கொடிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் விரித்தார். பச்சை நிறத்தில் பிறையும் மூன்று நட்சத்திரமும், அது மன்னராட்சிக் கொடி. அடுத்து சிவப்பு, வெள்ளை, கறுப்பு, நடுவில் இரண்டு பச்சை நட்சத்திரம். இதைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது, ஏனென்றால் முந்தின நாள் சந்தையில் எகிப்துக் கொடி என்று சொல்லி எனக்கு விற்றது இதைத்தான். பையிலிருந்து எடுத்துக் காட்டினேன், உஸ்தாஸ் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் குழு திரும்பிப் பார்த்தது.

விஷயம் இதுதான். 1958இல் எகிப்தும் சிரியாவும் சேர்ந்து ஐக்கிய அரபுக் குடியரசு ஆனபோது ஆளுக்கு ஒரு நட்சத்திரமாக வைத்த கொடி அது. 1961இல் சிரியா பிரிந்து போய்விட்டது. ஆனால் எகிப்து அந்தப் பெயரையும் கொடியையும் விடவில்லை. தம்பி பாகம் பிரித்துக்கொண்டு போன பிறகும் வாசல் பலகையில் இருவர் பெயரையும் அழிக்காமல் வைத்திருக்கும் அண்ணன் போல, பத்து வருடம் வைத்திருந்தது. 1971இல்தான் எகிப்து அரபுக் குடியரசு என்ற இன்றைய பெயர் வந்தது. அடுத்த வருடம் நட்சத்திரம் போய் அந்த இடத்தில் குறைஷிப் பருந்து, நபிகளின் குலமான குறைஷியரின் பெயர் கொண்ட சின்னம், வந்தது. 1984 அக்டோபரில் பருந்தும் போய்ப் பழைய கழுகே திரும்பியது. வேடிக்கை என்னவென்றால், எகிப்து கழற்றிப் போட்ட இரண்டு நட்சத்திரக் கொடியை 1980இல் சிரியா எடுத்துக்கொண்டு, அசாத் ஆட்சி விழுந்த 2024 டிசம்பர் வரை பறக்கவிட்டது. ஆக, எந்த நாட்டுக்கும் இப்போது சொந்தமில்லாத ஒரு கொடியை நான் பேரம் பேசி வாங்கியிருக்கிறேன்.

கொடியையும் தேசிய கீதத்தையும் அவமதித்தால் சிறைத் தண்டனை, அபராதம் என்று 2014இல் சட்டம் வந்திருப்பதையும் சொன்னார். சொல்லிவிட்டுக் கொடிகளை மிகக் கவனமாக மடித்தார். அது சட்டத்துக்காகவா, பழக்கமா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

அடுத்து வேனில் அப்தீன் அரண்மனை. கெதிவ், அதாவது அப்போதைய எகிப்து ஆட்சியாளர், இஸ்மாயில் கட்டியது, கோட்டையிலிருந்து ஆட்சி இங்கே இறங்கி வந்தது 1874இல். அருங்காட்சியகத்தில் பதக்கங்கள், துப்பாக்கிகள், அதிபர்களுக்கு வந்த பரிசுப் பொருள்கள். ஒரு மணி நேரம் விட்டார்கள், அரை மணியே அதிகம். வெளியே சதுக்கத்தில் 1942 பிப்ரவரி 4 கதையை நன்றாகச் சொன்னார், பிரிட்டிஷ் டாங்கிகள் அரண்மனையைச் சுற்றி நின்று 'நாங்கள் சொல்கிற ஆளைப் பிரதமராக்கு, இல்லையென்றால் முடியைத் துற' என்று மன்னரை மிரட்டிய நாள். பத்து வருடத்தில் அந்த முடியையே துறக்கவைத்த இளம் அதிகாரிகளுக்கு அந்த ராத்திரி மனதில் ஆறாத புண் என்றார்.

பக்கத்திலேயே மெட்ரோ நிலையம், பெயர் முகம்மது நகீப். 1953 ஜூன் 18இல் குடியரசு அறிவித்தபோது முதல் அதிபர் ஆனவர் இவர்தான், அடுத்த வருடமே புரட்சியில் கூட இருந்த நாசர் இவரை நீக்கி வீட்டுக் காவலில் வைத்துவிட்டார். இப்போது இரண்டு பேருக்கும் நிலையம் இருக்கிறது. சாதாத்துக்கும் உண்டு, தஹ்ரீர் சதுக்கத்துக்கு அடியில். முபாரக்குக்கும் இருந்தது, 2011இல் மக்கள் எழுச்சியில் அவர் விழுந்ததும் அதை 'ஷுஹதா', அதாவது தியாகிகள், என்று மாற்றிவிட்டார்கள். எகிப்தின் அதிபர் வரலாற்றை மெட்ரோ வரைபடத்திலேயே படித்துவிடலாம். இதைத் துண்டுச் சீட்டில் போடாமல் 'ருசியான உள்ளூர் உணவு' என்று போட்டிருக்கிறார்கள் பாருங்கள்.

அந்த ருசியான உணவு ஒரு சின்ன டப்பா கொஷாரி. சோறு, பருப்பு, மக்ரோனி, மேலே பொரித்த வெங்காயம். குறை சொல்ல ஒன்றுமில்லை, அளவைத் தவிர.

நாடாளுமன்றத் தெருவில்தான் சறுக்கல். பழைய கட்டடத்தை எதிர்ச்சாரியில் நின்று பார்க்க மட்டும்தான் முடியும். 1866இல் இஸ்மாயில் தொடங்கிய ஆலோசனை சபையிலிருந்து ஆரம்பித்து இப்போதைய கணக்கு வரை ஒப்பித்தார்: மக்கள் பிரதிநிதிகள் அவைக்கு 596 பேர், 2019 திருத்தத்தில் திரும்ப வந்த செனட்டுக்கு 300 பேர், அதில் நூறு பேரை அதிபரே நியமிப்பார். 27 மாகாணங்களுக்கும் ஆளுநர்கள் அதிபர் நியமனம்தான். அதே 2019இல்தான் அதிபர் பதவிக் காலம் நாலு வருடத்திலிருந்து ஆறானது. சரி, இவ்வளவும் சொன்னீர்களே, இந்த நூறு பேரும் ஆளுநர்களும் அதிபரும் ஒரே பக்கம் என்றால் எதிர்ப்பக்கம் யார் என்று ஒருவர் கேட்டார். உஸ்தாஸ் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நிதானமாகக் குடித்தார். "அடுத்த இடத்துக்குப் போவோம்" என்றார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், அந்த ஊரில் குடும்பம் நடத்த வேண்டியவர் அவர். ஆனால் பணம் வாங்குகிற நிறுவனம் சீட்டிலேயே 'பழைய காலம் மட்டும்' என்று ஒரு வரி போட்டிருக்கலாம்.

அப்புறம் இன்னொன்று, இதுதான் என் பெரிய குறை. அந்தக் கட்டடங்களில் பெரும்பாலும் ஆளே இல்லை. அமைச்சகங்களும் நாடாளுமன்றமும் கிழக்கே நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் புதுத் தலைநகருக்குப் போய்விட்டன. 2024 ஏப்ரலில் அதிபர் சிசி மூன்றாம் முறை பதவியேற்றதும் அங்கேதான். உலகிலேயே மிக உயரமான கொடிக்கம்பங்களில் ஒன்று, 200 மீட்டரைத் தாண்டியது, அங்கேதான் நிற்கிறது. குடித்தனக்காரர் காலி செய்துவிட்டுப் போன வீட்டைச் சுற்றிக் காட்டிவிட்டு 'இதுதான் அவர் வீடு' என்றால் எப்படி? தஹ்ரீரில் முகம்மாவும் அப்படித்தான். கடவுச்சீட்டு, விசா, எல்லாத் தாளுக்கும் முத்திரை வாங்க நாடே வரிசையில் நின்ற பதினான்கு மாடிக் கட்டடம், 'ஃபூத் அலைனா புக்ரா', நாளைக்கு வாங்க, என்ற வாசகத்துக்குப் பேர் போனது. 2021இல் காலி செய்து இப்போது சொகுசு விடுதியாக மாற்றுகிறார்கள். அறைச் சாவி கேட்டால் நாளைக்கு வரச் சொல்வார்களோ என்னவோ.

ஆனால் நீதிமன்றப் பகுதி இந்த நடையையே காப்பாற்றிவிட்டது. ஜூலை 26 தெருவில், நாசர் மெட்ரோ வாசலுக்கு எதிரே, பெரிய தூண்களோடு நிற்கிறது உயர் நீதிமன்ற மாளிகை. உள்ளே விடமாட்டார்கள், படிக்கட்டுக்கு எதிரே நின்றுதான் கேட்டோம். இது முதலில் எகிப்தியருக்காகக் கட்டியதே இல்லை, கலப்பு நீதிமன்றங்களுக்காகக் கட்டியது. 1876 முதல் 1949 வரை, வழக்கில் ஒரு வெளிநாட்டவர் சம்பந்தப்பட்டிருந்தால் அது அங்கேதான் போகும், நீதிபதிகளில் வெளிநாட்டவரே அதிகம், தீர்ப்பு பெரும்பாலும் பிரெஞ்சில். சொந்த ஊரில் சொந்த நிலத்துக்காகப் போன ஆளுக்குத் தீர்ப்பைப் படித்துச் சொல்ல இன்னொருவருக்குக் காசு கொடுக்க வேண்டும். 1949 அக்டோபர் 14ஆம் தேதி அந்த நீதிமன்றங்கள் மூடின. மறுநாளே சன்ஹூரி என்ற சட்ட அறிஞர் எழுதிய குடிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுச் சட்ட அமைப்பும் இஸ்லாமியச் சட்ட மரபும் சேர்ந்த அந்தச் சட்டத்தைப் பார்த்துத்தான் சிரியா, ஈராக், லிபியா, குவைத் எல்லாம் தங்கள் சட்டத்தை எழுதிக்கொண்டன. அப்படிப்பட்ட மனிதரை 1954இல் அவர் தலைமை வகித்த அரசு மன்றத்துக்குள்ளேயே (அரசு சம்பந்தப்பட்ட வழக்குகளைக் கேட்கும் நீதிமன்றம் அது) ஒரு கும்பல் புகுந்து அடித்தது. இதைச் சொல்லும்போது மட்டும் உஸ்தாஸின் குரல் மாறியது, சட்டம் படித்தவர் அல்லவா.

மாளிகையில் இப்போது இருப்பது நக்த் நீதிமன்றம், மேல்முறையீட்டின் கடைசிப் படி. சாட்சியைத் திரும்ப விசாரிக்கிற வேலை பொதுவாக அதற்கு இல்லை, கீழ் நீதிமன்றம் சட்டத்தைச் சரியாகப் பொருத்தியதா என்று பார்ப்பதுதான் வேலை. ஜூரி முறை கிடையாது. ஷரியா நீதிமன்றங்களை 1955இலேயே கலைத்துவிட்டார்கள், ஆனால் திருமணம், மணவிலக்கு எல்லாம் இன்றும் மதத்தின்படிதான், முஸ்லிம்களுக்கு ஷரியா, கோப்டிக் கிறிஸ்தவர்களுக்குத் திருச்சபை விதி. மரண தண்டனை என்றால் தீர்ப்புக்கு முன் வழக்குத் தாள்கள் முஃப்தியின், அதாவது நாட்டின் தலைமை இஸ்லாமியச் சட்ட அறிஞரின், கருத்துக்குப் போக வேண்டும். அவர் சொல்வது நீதிபதிகளைக் கட்டுப்படுத்தாது, ஆனால் போயே ஆக வேண்டும். 'தாளை முஃப்திக்கு அனுப்பிவிட்டார்கள்' என்று செய்தியில் வந்தால் எகிப்தில் எல்லோருக்கும் அர்த்தம் தெரியும்.

எதிரே ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். பள்ளிக்கூடக் காலை வரிசை எப்படி என்று யாரோ கேட்க, உஸ்தாஸ் எழுந்து நின்று கையை நெற்றியில் வைத்து "தஹ்யா கும்ஹூரிய்யத் மஸ்ர் அல்அரபிய்யா" என்றார், எகிப்து அரபுக் குடியரசு வாழ்க என்று. இரண்டாவது முறை சொல்லும்போது பக்கத்து மேசையில் டோமினோ ஆடிக்கொண்டிருந்த கிழவர் காய்களைக் கவிழ்க்காமலேயே சேர்ந்துகொண்டார். மூன்றாவதற்குத் தேநீர் கொண்டுவந்த பையனும். அதே வேகத்தில் பிலாதி பாட்டையும் முணுமுணுத்தார்கள். மெட்டு சையத் தர்வீஷுடையது, முப்பத்தொரு வயதில் 1923இல் இறந்துபோனவர். அது தேசிய கீதம் ஆனதோ 1979இல், இஸ்ரேலுடன் சமாதானம் ஆனபோது, ஆயுதத்தை அழைக்கிற பழைய கீதத்தை எடுத்துவிட்டு. எனக்கு அந்த ஐந்து நிமிடம் போதும்.

கடைசியாக மாதி பக்கம், நைல் கரையில் உச்ச அரசியலமைப்பு நீதிமன்றம். தூரத்திலிருந்து பார்த்தால் பழங்கால லக்சர் கோயில்தான், தாமரைத் தூண்கள், சரிந்த சுவர்கள். பழசு என்று நினைத்துப் படம் எடுக்கிறவர்கள் உண்டாம், கட்டியே கால் நூற்றாண்டுதான் ஆகிறது. 2012 ஜூனில் நாடாளுமன்றம் செல்லாது என்று இந்த நீதிமன்றம் சொன்னது, அதே மாதக் கடைசியில் முர்ஸி இங்கேயே வந்து அதிபராகப் பதவியேற்றார், ஒரு வருடம் கழித்து ராணுவம் அவரை நீக்கியதும் இந்த நீதிமன்றத்தின் தலைவர் அத்லி மன்சூரே இங்கே இடைக்கால அதிபராகப் பதவியேற்றார், 2014இல் சிசியும் இங்கேதான். இரண்டு வருடத்துக்குள் மூன்று அதிபர்கள் உறுதிமொழி எடுத்த கூடம். இதற்கு ஒதுக்கிய நேரம் வேனுக்குள் இருந்தபடியே ஏழு நிமிடம். அப்தீனில் துப்பாக்கி பார்க்க ஒரு மணி நேரம்! இந்தக் கணக்குப் போட்டவரைத்தான் நான் பார்க்க வேண்டும்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன், அந்த மூன்றும் உஸ்தாஸுக்கு. போகிறவர்கள் கடவுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள், காவலர் நிற்கிற எந்தக் கட்டடத்தையும் படம் எடுக்காதீர்கள். எங்களில் ஒரு பெண் எடுத்து, அழித்துக் காட்டிய பிறகுதான் விட்டார்கள். அன்பளிப்பை நிறுவனத்தின் உறையில் போடாமல் அவர் கையில் கொடுங்கள். நான் கொடுத்த தாள் 100 பவுண்டு, ஒரு பக்கம் சுல்தான் ஹசன் பள்ளிவாசல், அரபி எழுத்து, திருப்பினால் ஸ்பிங்ஸ், ஆங்கில எழுத்து. அதையும் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டி ஒரு பாடம் நடத்திவிட்டுத்தான் சட்டைப் பையில் வைத்தார்.