சிட்டி நிறுவனமா, சின்ன அலுவலகமா? ஒரு டிரெயினி சொலிசிட்டரின் கணக்கு

இங்கிலாந்தில் சொலிசிட்டராக, அதாவது கிளையன்டுகளுக்கு ஆலோசனை சொல்லி ஆவணங்களைத் தயாரிக்கும் வக்கீலாக, தேர்வுகளோடு இரண்டு வருட வேலை அனுபவமும் வேண்டும். 2021 செப்டம்பரில் எஸ்கியூஇ என்ற புதிய தேர்வு முறை வந்தபின் அந்த அனுபவத்தை நான்கு இடங்கள் வரை பிரித்தும் முடிக்கலாம். ஆனாலும் கேள்வி பழையதுதான்: லண்டனின் நிதிவணிகப் பகுதியான சிட்டியில் உள்ள பெரிய நிறுவனமா, கடைத்தெருவில் ஏழெட்டுப் பேர் இருக்கும் அலுவலகமா? நான் இரண்டாவதில் சேர்ந்து பதினாறு மாதமாகிறது.

சம்பளத்தில் போட்டியே இல்லை, சிட்டிதான். தேர்வுக் கட்டணத்தையும் பெரும்பாலும் அவர்களே கட்டிவிடுவார்கள். நான் சேமிப்பிலிருந்து கட்டினேன், கஷ்டமாகத்தான் இருந்தது. கம்பெனிகளை வாங்கி விற்கும் வேலையில்தான் ஆசை என்றால் யோசிக்காமல் அங்கே போங்கள். எங்களிடம் வீடு, உயில், குடும்ப வழக்குதான்.

நான் இங்கே வந்ததற்குக் காரணம் ஒன்றுதான்: என் டிராஃப்டை யார், எப்படிப் படிக்கிறார்கள் என்பது.

இரண்டாவது மாதம், ஒரு வீடு வாங்கும் ஃபைல். சொத்து உரிமைகளைப் பதியும் லேண்ட் ரெஜிஸ்ட்ரியில், வாங்கும் முன் பதிவேட்டைச் சரிபார்க்க நாம் எடுக்கும் தேடலுக்கு 30 வேலைநாள் முன்னுரிமை உண்டு. அதற்குள் பதிவு விண்ணப்பம் போய்ச் சேராவிட்டால், இடையில் வேறொருவர் பதிந்த உரிமை நம் கிளையன்டை முந்திவிடலாம். பணம் கொடுத்து வீட்டைக் கைமாற்றும் நாள், அதாவது கம்ப்ளீஷன், இரண்டு வாரம் தள்ளிப்போனது. நான் தாள்களில் தேதியை மட்டும் மாற்றி நீட்டினேன். என் சூப்பர்வைசர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "முன்னுரிமை என்றைக்கு முடிகிறது?" என்று கேட்டார். காலண்டரில் எண்ணிப் பார்த்தால், கம்ப்ளீஷனுக்குப் பிறகு மூன்று நாள்தான் மிச்சம். முத்திரைத் தீர்வை ரிட்டர்னைப் போட்டு, அதன் சான்றிதழ் வந்தால்தான் பதிவுக்கே அனுப்ப முடியும். அவரே திருத்தியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். என்னை எண்ணவைத்து, புதுத் தேடலையும் என்னையே போடச் சொன்னார். அன்றிலிருந்து எந்த ஃபைலைத் திறந்தாலும் முதலில் அந்தத் தேதியைத்தான் எழுதுகிறேன்.

அப்புறம், தப்பு நடந்தால் அன்றைக்கே வாய்விட்டுச் சொல்ல முடிகிறது. இந்தத் தொழிலில் இது சாதாரண விஷயமில்லை. ஒழுங்குமுறை அமைப்பான எஸ்ஆர்ஏ, செய்த பிழையைவிட அதை மறைத்துப் பொய் சொல்வதைத்தான் மிகக் கடுமையாகப் பார்க்கும். பயந்து மூடிவைத்து, அதனாலேயே தொழிலை இழந்த இளையவர்கள் உண்டு.

சிட்டியை நான் உள்ளே இருந்து பார்த்தது இரண்டு வாரம் மட்டுமே, அதனால் அங்கே கவனிப்பு குறைவு என்று சொல்லமாட்டேன். அங்கே வழக்கமாக ஆறு மாதத்துக்கு ஒரு சீட், அதாவது ஒரு பிரிவில் வேலை, சீட் மாறினால் பெரும்பாலும் சூப்பர்வைசரும் மாறுவார். அங்கிருக்கும் தோழிக்கு முதல் சீட் அருமையாக அமைந்தது, அடுத்ததில் அவள் டிராஃப்ட் ஒரு சொல் கருத்துகூட இல்லாமல் திரும்பி வருகிறது. சின்ன அலுவலகம் எல்லாமே எங்களுடையது போல இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். டிரெயினியை ஜெராக்ஸ் எடுக்கவே வைத்திருக்கும் இடங்களும் இருக்கின்றன.

அதனால் நேர்முகத்திலேயே கேட்டுவிடுங்கள்: என் டிராஃப்டை யார் படிப்பார், எப்போது உட்காருவார்? நான் கேட்டபோது என் சூப்பர்வைசர், "செவ்வாய், வியாழன் காலை பத்திலிருந்து பதினொன்று வரை என் டைரியில் வேறு எதுவும் இருக்காது" என்றார். இன்றுவரை அந்த நேரத்தில் அவர் போனைக்கூட எடுத்ததில்லை.